மாலைத்தீவுகளில் சபாரிப் படகு முக்குளிப்புப் பயணம்

சபாரிப் படகு முக்குளிப்புப் பயணம் என்பது கரையிலுள்ள விடுதியில் தங்காமல், படகிலேயே பல நாட்கள் தங்கி, தீவுக்குத் தீவு நகர்ந்து ஸ்கூபா கருவியுடன் கடலில் முக்குளிக்கும் பயணம் ஆகும். பிற நாடுகளில் லிவ்அபோர்ட் என வழங்கப்படும் இப்படகுகள் மாலைத்தீவுகளில் சபாரிப் படகுகள் என்றே அறியப்படுகின்றன. படகிலுள்ள இடங்களைத் தனித்தனியாக விற்கும் பயணங்கள் ஒரு வகை. ஒரு குழுவினர் படகு முழுவதையும் தமக்கென வாடகைக்கு அமர்த்திக்கொள்வது மற்றொரு வகை. இரண்டாவது வகையில் செல்லும் வழி, புறப்படும் நாள், உணவு, ஒரு நாளில் முக்குளிக்கும் தடவைகள் ஆகியவற்றைத் தீர்மானிக்கும் உரிமை பெருமளவில் குழுவுக்கே கிடைக்கிறது. அவ்வுரிமையோடு திட்டமிடும் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. இக்கட்டுரை இவ்வகைத் தனிக்குழுப் பயணத்தைப் பற்றியது.

நில அமைப்பும் பெயர்களும்

மாலைத்தீவுகள் வடக்குத் தெற்காக ஏறத்தாழ 870 கி.மீ. நீளத்துக்குப் பரந்துள்ளன. 1,190 அளவிலான தீவுகளில் மக்கள் வாழ்பவை சுமார் 200 மட்டுமே. இத்தீவுகள் அனைத்தும் 26 பவள வளையங்களின் மீது அமைந்துள்ளன. இத்தகைய வளையத்தைக் குறிக்க உலகெங்கும் வழங்கும் அடோல் என்னும் சொல், மாலைத்தீவுகளின் திவெயி மொழிச் சொல்லான அத்தொலு என்பதிலிருந்து பிறந்ததாகும். வளையத்தின் உள்ளே அமைதியான காயல். வெளியே சட்டென ஆழமாகும் இந்தியப் பெருங்கடல். இரண்டுக்கும் இடையே நீர் போய்வரும் வழிகள் உண்டு.

முக்குளிக்கும் இடங்களின் பெயர்களில் வரும் மூன்று திவெயிச் சொற்களை அறிந்திருப்பது பயனுள்ளது. கந்து என்பது பவள வளையத்தை ஊடறுத்துச் செல்லும் கால்வாய். திலா என்பது காயலின் தரையிலிருந்து எழுந்து, நீர்ப்பரப்புக்குச் சில மீட்டர்களுக்குக் கீழே நின்றுவிடும் பவளக் குன்று. கிரி என்பது ஏறத்தாழ நீர்ப்பரப்பு வரையே எழும் குன்று. எனவே வாவு அடோலின் ஃபொத்தெயோ கந்து, வடக்கு ஆரி அடோலின் மாயா திலா போன்ற பெயர்களைக் கண்டதுமே அங்கு எத்தகைய முக்குளிப்பு அமையும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம். கந்து எனில் நீரோட்டம் உண்டு. தொடக்கநிலையினருக்கு அது ஏற்றதன்று.

சபாரிப் படகுடன் எப்போதும் ஒரு தோணி உடன் செல்லும். திவெயியில் தோனி எனப்படும் இப்பெயர் தமிழின் தோணி என்பதுடன் உறவுடையது. காற்றழுத்தப் பொறிகள், உருளைகள், முக்குளிப்பு உடைகள் ஆகிய அனைத்தும் இத்தோணியிலேயே இருக்கும். இதனால் தங்கும் படகில் பொறியின் ஓசையோ ஈரமோ இருப்பதில்லை. பவளப்பாறைகளை ஒட்டி நெருங்கிச் செல்லவும், நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டு எழுபவர்களைத் தேடி ஏற்றவும் சிறிய தோணியே பொருத்தமானது. படகை அமர்த்தும் குழு, படகின் அறைகளைப் பற்றி விசாரிப்பதைவிடத் தோணியைப் பற்றி விசாரிப்பது நல்லது.

வரலாறு

கப்பலையே முக்குளிப்பின் தளமாகக் கொள்ளும் முறையைப் பரவலாக அறியச் செய்தவர்களுள் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஹான்ஸ் ஹாஸ் ஒருவர். அவரது சாரிஃபா என்னும் பாய்க்கப்பல் 1957-58 ஆண்டுகளில் மேற்கொண்ட ஆய்வுப் பயணத்தில் மாலைத்தீவுகளுக்கும் வந்தது. நாட்டில் சுற்றுலாத் துறை 1972ல் தொடங்கியது. அதன் பின்னரே பயணிகளை ஏற்றிச் செல்லும் படகுத் தொழில் வளர்ந்தது.

பருவக்காற்றும் நீரோட்டமும்

பயணத் திட்டம் தீவுகளின் பட்டியலிலிருந்து தொடங்கக்கூடாது. மாதத்திலிருந்து தொடங்க வேண்டும். ஒரே இடம் பிப்ரவரியில் ஒன்றாகவும் ஆகஸ்டில் முற்றிலும் வேறாகவும் இருக்கும்.

மாலைத்தீவுகளின் வடகிழக்குப் பருவம் இருவாய் என்றும், தென்மேற்குப் பருவம் ஹுள்ஹங்கு என்றும் அழைக்கப்படுகின்றன. மீனவர்களின் மரபுவழி நாட்காட்டி ஆண்டை 13 அல்லது 14 நாட்கள் கொண்ட 27 பகுதிகளாகப் பிரிக்கிறது. இப்பகுதிகளின் பெயர்கள் தமிழருக்கு அறிமுகமானவை: அஸ்ஸிதா, புருணு, கெத்தி, ரோணு என்பன முறையே அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி ஆகிய நட்சத்திரப் பெயர்களின் திவெயி வடிவங்கள். இந்நாட்காட்டியின்படி ஹுள்ஹங்கு பருவம் ஏப்ரல் 8 அன்று அஸ்ஸிதாவுடன் தொடங்குகிறது. இருவாய் பருவம் டிசம்பர் 10 முதல் ஏப்ரல் 7 வரை நீடிக்கிறது. கடல் இத்தேதிகளைத் துல்லியமாகப் பின்பற்றுவதில்லை எனினும், திட்டமிடுவோருக்கு இது நல்ல வழிகாட்டி.

வடகிழக்குப் பருவத்தில் நீரோட்டம் பொதுவாகக் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கிச் செல்கிறது. பெருங்கடலின் தெளிந்த நீர் கிழக்குப் பக்கக் கால்வாய்கள் வழியாக அடோலுக்குள் நுழைகிறது. அக்கால்வாய்களின் வாயில்களில் சாம்பல் நிறப் பவளப்பாறைச் சுறாக்களும் பெரிய மீன் கூட்டங்களும் திரளும். உள்ளே நுழைந்த நீர் காயலைக் கடக்கையில் மிதவை நுண்ணுயிர்களைச் சுமந்துகொண்டு மேற்குப் பக்கமாக வெளியேறும். அந்நுண்ணுயிர்களே மந்தா திருக்கையின் உணவு. ஆகவே இப்பருவத்தில் சுறாக்களைக் காணக் கிழக்குக்கும், மந்தா திருக்கைகளைக் காண மேற்குக்கும் செல்ல வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் இவ்வமைப்பு தலைகீழாக மாறும்.

சுறாவும் மந்தாவும் தெளிந்த நீரும் ஒரே இடத்தில் ஒரே நாளில் வேண்டும் என்னும் குழுவின் விருப்பம் பெரும்பாலும் நிறைவேறாது. மந்தா இருக்கும் இடத்தில் நீர் கலங்கியிருப்பதற்குக் காரணம் மேலே கூறியதே. குழு எதை முதன்மையாகக் கருதுகிறது என்பதைப் பயணத்துக்குப் பல மாதங்களுக்கு முன்பே பேசி முடிவு செய்துகொண்டால் படகில் மனத்தாங்கல் எழாது.

பருவ நீரோட்டத்தின் மீது அலையேற்ற இறக்கமும் செயல்படுவதால், ஒரு கால்வாயின் ஓட்டம் ஒரே நாளில் திசை மாறுவதும் உண்டு. உள்நோக்கி ஓடும் நீர், முக்குளிப்பவரைக் காயலின் பக்கமாகக் கொண்டு சேர்க்கும். வெளிநோக்கி ஓடும் நீர் அவரைத் திறந்த கடலுக்குள் இழுத்துச் செல்லும். இதனால்தான் ஒவ்வொரு முக்குளிப்புக்கும் முன்னர் வழிகாட்டி ஒருவர் நீரில் குதித்து ஓட்டத்தைச் சோதிக்கிறார். அவர் வேண்டாம் என்றால் அவ்விடம் அன்று இல்லை. படகு முழுவதற்கும் பணம் கட்டிய குழுவாயினும் இம்முடிவை மாற்றக் கோருவது முறையன்று. படகுத் தலைவரின் முடிவே இறுதியானது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது இரு தரப்பினருக்கும் பாதுகாப்பு.

வழி தெரிவு

முதல் தடவையாகச் செல்லும் குழுக்கள் வடக்கு மாலே, தெற்கு மாலே, வாவு, ஆரி ஆகிய நடு அடோல்களைத் தெரிவு செய்வது வழக்கம். மாலேயிலிருந்து புறப்பட்டு மாலேக்கே திரும்பும் ஏழிரவுச் சுற்றுக்கு இது பொருந்தும். பவளப்பாறைகள் நிறைந்த நீரில் இரவில் படகைச் செலுத்துவது ஆபத்தானது என்பதால், பெரும்பாலும் மாலையில் காயலுக்குள் நங்கூரமிட்டு மறுநாள் காலையிலேயே நகர்வர். எனவே வரைபடத்தில் அருகருகே தெரியும் இரு அடோல்களை ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கணக்கிடக் கூடாது. அதிக இடங்களைத் திணித்த வழி, கடலுக்குள் கழிய வேண்டிய நேரத்தைப் பொறியின் ஓசையில் கழிக்கச் செய்யும்.

தெற்கு ஆரி அடோலில் 2009ல் அறிவிக்கப்பட்ட கடல் பாதுகாப்புப் பகுதி, திமிங்கிலச் சுறாக்களை ஆண்டு முழுவதும் காணக்கூடிய அரிய இடங்களுள் ஒன்று. வாவு அடோலின் அலிமத்தா படகுத்துறை அருகே இரவு முக்குளிப்பில் நர்ஸ் சுறாக்கள் கூட்டமாகத் தென்படும். அங்கு பல படகுகள் ஒரே நேரத்தில் கூடுவதால், விலங்குகளைவிட விளக்குகளே மிகுதி என்னும் குறையும் உண்டு.

பா அடோல் 2011ல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள ஹனிஃபரு குடாவில் ஏறத்தாழ ஜூன் முதல் நவம்பர் வரை மந்தா திருக்கைகள் பெருங்கூட்டமாக இரை தேடும். ஆனால் இங்கு 2012 முதல் ஸ்கூபா முக்குளிப்புக்குத் தடை உள்ளது. மூச்சுக்குழாயுடன் மிதந்து பார்ப்பதற்கு மட்டுமே, அதுவும் கட்டுப்பாடுகளுடன், இசைவு உண்டு. இது தெரியாமல் ஒரு நாள் முழுவதையும் உருளைக் கணக்கில் சேர்த்துவிடும் திட்டங்கள் காணப்படுகின்றன.

தென்கோடியிலுள்ள ஹுவது, ஃபுவமுலா, அட்டு ஆகியவற்றுக்கான பயணங்கள் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதங்களில் நடைபெறுகின்றன. வழியில் ஹுவதுவுக்கு வடக்கேயுள்ள ஒன்றரைப் பாகைக் கால்வாயைக் கடக்க வேண்டும். அங்கு மறைப்பு எதுவும் இல்லாததால் படகு நன்கு ஆடும். ஃபுவமுலா புலிச்சுறாக்களுக்குப் பெயர்பெற்றது. அட்டுவில் 1944ல் செருமானிய நீர்மூழ்கியின் டார்பிடோவுக்கு இலக்காகி, 1946ல் மூழ்கடிக்கப்பட்ட பிரிட்டிஷ் லாயல்டி என்னும் எண்ணெய்க் கப்பல் கிடக்கிறது. இப்பயணங்கள் ஒருவழிப் பயணங்களாக அமைவதால் உள்நாட்டு விமானம் தேவைப்படும். அவ்விமானங்களில் பொதியின் எடை வரம்பு குறைவு என்பதை, சொந்தக் கருவிகளைக் கொண்டுவருவோர் கவனிக்க வேண்டும்.

குழுவின் தகுதி

படகின் வாடகை, ஆட்கள் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் மாறுவதில்லை. எட்டு அறைகள் கொண்ட படகில் 16 பேருக்குப் பதில் 11 பேர் சென்றால், மீதி ஐவரின் பங்கையும் அவர்களே ஏற்க வேண்டும். இதனால் கடைசி நேரத்தில் நண்பரின் நண்பர், புதிதாகப் பயிற்சி முடித்தவர், பத்தாண்டுகளாக நீரில் இறங்காதவர் என எவரையேனும் சேர்த்து இடத்தை நிரப்பும் வழக்கம் ஏற்படுகிறது. தனிக்குழுப் பயணத்தின் மிகப் பெரிய பலவீனம் இதுவே. தனியிடம் விற்கும் பயணத்தில் நிறுவனம் குறைந்தபட்ச அனுபவத்தைக் கேட்கும். தனிக்குழுவில் அமைப்பாளர் தன் நண்பர்களிடம் அதைக் கேட்கத் தயங்குவார்.

அமைப்பாளர் ஒவ்வொருவரிடமும் சான்றிதழ் நிலை, இதுவரை முக்குளித்த எண்ணிக்கை, கடைசியாக முக்குளித்த தேதி, நீரோட்டத்தில் முக்குளித்த அனுபவம், உடல்நிலை ஆகியவற்றை எழுத்தில் பெற வேண்டும். யாருக்கு எந்த உணவு ஒவ்வாது என்பதைக் கவனமாகக் கேட்டறியும் குழுக்களில்கூட இவ்விவரம் கேட்கப்படாமல் போவதுண்டு. குழுவில் அனுபவம் குறைந்தவர்கள் இருப்பின் இரண்டு வழிகளே உள்ளன: கூடுதல் வழிகாட்டியை அமர்த்தி அவர்களைத் தனியே ஓட்டமற்ற திலாக்களில் இறக்குவது, அல்லது முழு வழியையும் அவர்களுக்கு ஏற்ப மாற்றுவது. மற்றவர்களுடன் கால்வாயில் இறக்கிவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்பது மூன்றாவது வழியன்று.

முதல் முக்குளிப்பு எப்போதும் ஆழம் குறைந்த, அமைதியான இடத்தில் சோதனை முக்குளிப்பாகவே அமைய வேண்டும். மேற்பரப்பு அடையாள மிதவையும் அதை நீரடியிலிருந்து ஏற்றத் தெரிந்திருப்பதும் ஒவ்வொருவருக்கும் இன்றியமையாதவை. அலைகளுக்கிடையே மிதக்கும் தலையைத் தோணியிலிருந்து காண்பது அரிது. நிமிர்ந்து நிற்கும் செம்மஞ்சள் மிதவையைக் காண்பது எளிது.

ஆழமும் நைட்ரஜனும்

மாலைத்தீவுகளின் 2003ஆம் ஆண்டு பொழுதுபோக்கு முக்குளிப்பு விதிகள், அதிகபட்ச ஆழத்தை 30 மீட்டராக வரையறுக்கின்றன. எழும்போது கட்டாயமாக இடைநிறுத்தம் தேவைப்படும் அளவுக்கு நீண்ட முக்குளிப்புகளுக்கும் இசைவில்லை.

30 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் கடல்மட்டத்தைப் போல் நான்கு மடங்கு. அவ்வழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றின் நைட்ரஜன் உடல் திசுக்களில் கரைகிறது. விரைந்து எழுந்தால் குமிழ்களாக வெளிப்பட்டு அழுத்தநீக்க நோயை உண்டாக்குகிறது. கரையில் தங்கி ஓரிரு தடவை முக்குளிப்பவரைவிடச் சபாரிப் படகில் இருப்பவர் இதற்கு அதிகம் ஆளாகிறார். நாளொன்றுக்கு மூன்று, சில நாட்களில் நான்கு என ஏழிரவுப் பயணத்தில் 15 முதல் 18 முக்குளிப்புகள் வரை சேரும். முந்தைய நாளின் நைட்ரஜன் முழுவதும் நீங்குமுன் மறுநாள் முக்குளிப்பு தொடங்கிவிடும். இதனால் பயணத்தின் நடுவில் ஒரு பிற்பகலை முக்குளிப்பின்றி விடுவது அறிவுடைமை. மக்கள் வாழும் தீவொன்றைச் சுற்றிப் பார்க்க அந்நேரத்தைப் பயன்படுத்தலாம்.

பல படகுகளில் நைட்ராக்ஸ் எனப்படும் ஆக்சிஜன் செறிவூட்டிய காற்று கிடைக்கும். இதில் ஆக்சிஜன் வழக்கமாக 32 விழுக்காடு. இக்கலவையுடன் 30 மீட்டரில் இருப்பது, நைட்ரஜனைப் பொறுத்தவரை சாதாரணக் காற்றுடன் ஏறக்குறைய 24 மீட்டரில் இருப்பதற்கு ஈடாகும். ஆனால் இதற்கெனத் தனிப் பயிற்சிச் சான்று வேண்டும். ஒவ்வொரு உருளையின் கலவையையும் பயன்படுத்துபவரே அளந்து கையெழுத்திட வேண்டும். 34 மீட்டர் அளவுக்கு அப்பால் இதே கலவையின் ஆக்சிஜன் நஞ்சாகும் அபாயம் தொடங்குகிறது.

பல நாட்கள் தொடர்ந்து முக்குளித்தவர் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என 2002ல் வகுக்கப்பட்ட பரிந்துரை கூறுகிறது. நடைமுறையில் 24 மணி நேரம் விடுவதே வழக்கம். அதாவது ஏழாம் நாளின் நண்பகலுக்குப் பின் முக்குளிப்பு இல்லை. திரும்பும் விமானத்தை முதலில் பதிந்துவிட்டுக் கடைசி முக்குளிப்பை அதற்குள் திணிப்பதைவிட, கடைசி முக்குளிப்பின் நேரத்தைக் கணக்கிட்டு விமானத்தைப் பதிவதே சரியான வரிசை.

அழுத்தநீக்க நோய்க்கான மருத்துவ அழுத்த அறை, மாலேக்கு அருகிலுள்ள பண்டோஸ், ராஸ்து அடோலின் குராமதி போன்ற சில தீவுகளில் உள்ளது. நோயாளியை அங்கு கொண்டு சேர்க்கும் வழியை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். மாலைத்தீவுகளின் கடல்விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலை முக்குளிப்புக்குப் பின் ஒருவருக்கு அறிகுறி தோன்றினால் விரைவுப் படகே வழி. தொலைதூர அடோல் எனில் அதற்குப் பல மணி நேரம் ஆகும். அத்தனை மணி நேரமும் தூய ஆக்சிஜன் கொடுக்கப் படகில் போதிய இருப்பு உண்டா என்பது, படகை அமர்த்துமுன் கேட்க வேண்டிய முதற்கேள்விகளுள் ஒன்று. அழுத்த அறைச் சிகிச்சையையும் அவசரப் போக்குவரத்தையும் உள்ளடக்கிய முக்குளிப்புக் காப்பீடு ஒவ்வொருவருக்கும் தேவை. சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் இவை விலக்கப்பட்டிருக்கும்.

படகின் பாதுகாப்பு

முக்குளிப்புப் படகுகளில் பேருயிரிழப்புகள் நீருக்கு அடியில் நிகழ்ந்தவை அல்ல. மாலைத்தீவுகளுக்கு வெளியே நிகழ்ந்த இரு விபத்துகள் இதைக் காட்டுகின்றன. 2019 செப்டம்பர் 2 அன்று கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் தீவருகே நங்கூரமிட்டிருந்த கன்செப்ஷன் என்னும் படகு இரவில் தீப்பற்றி எரிந்தது. கீழ்த்தளத்தில் உறங்கிய 33 பயணிகளும் ஊழியர் ஒருவரும் இறந்தனர். இரவுக் காவலர் சுற்றிவராததையும், உறங்கும் அறையின் இரு வாயில்களும் தீ எரிந்த அதே தளத்துக்கே திறந்ததையும் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை சுட்டியது. 2024 நவம்பர் 25 அன்று எகிப்தின் செங்கடல் பகுதியில் சீ ஸ்டோரி என்னும் படகு கவிழ்ந்ததில் 11 பேர் இறந்தனர் அல்லது காணாமற் போயினர்.

எனவே படகில் ஏறிய முதல் மணி நேரத்திலேயே, வரவேற்புப் பானத்துக்கு முன்பாக, குழுவினர் தம் அறையிலிருந்து வெளியேறும் இரண்டாவது வழியை நடந்து பார்க்க வேண்டும். அவ்வழி பூட்டியிருந்தாலோ பொதிகளால் அடைக்கப்பட்டிருந்தாலோ அது வழியாகாது. இரவு முழுவதும் விழித்திருக்கும் காவலர் யார் எனக் கேட்க வேண்டும். முக்குளிப்பு விளக்குகள், நிழற்படக் கருவிகள் ஆகியவற்றின் லித்தியம் மின்கலங்களை அறைக்குள்ளோ, இரவில் கவனிப்பாரற்றோ மின்னேற்றக் கூடாது. படகு அமர்த்துவோர் குழுவினரே என்பதால், இவ்விதிகளைத் தம் ஆட்களிடம் கண்டிப்புடன் கூறும் கடமையும் அவர்களைச் சாரும்.

சட்டமும் செலவும்

மாலைத்தீவுகளில் 1995ல் 15 முக்குளிப்பு இடங்களும் 1999ல் மேலும் 10 இடங்களும் பாதுகாக்கப்பட்டவையாக அறிவிக்கப்பட்டன. சுறா பிடித்தல் 2010 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளது. திருக்கைகள் 2014 முதல் சட்டப் பாதுகாப்புப் பெற்றவை. பவளம், ஆமையோடு ஆகியவற்றை எடுத்துச் செல்லவும், மீன் குத்தும் துப்பாக்கியைக் கொண்டுவரவும் கூடாது. பயணிகள் மதுவை நாட்டுக்குள் கொண்டுவருவதும் தடை செய்யப்பட்டுள்ளது.

படகின் வாடகைக்கு மேல் வரும் செலவுகளை ஒப்பந்தத்தில் தனித்தனியே காட்டச் சொல்ல வேண்டும். பசுமை வரி 2025 ஜனவரி முதல் படகுப் பயணிகளுக்கு நாளொன்றுக்கு 12 அமெரிக்க டாலர் ஆக உயர்த்தப்பட்டது. 16 பேர் கொண்ட குழுவுக்கு ஏழு நாட்களுக்கு இது மட்டுமே 1,344 டாலர். சுற்றுலாத் துறைக்கான சரக்கு மற்றும் சேவை வரி 2025 ஜூலை முதல் 17 விழுக்காடு. எரிபொருள் கூடுதல் கட்டணம், நைட்ராக்ஸ், கருவி வாடகை, ஊழியர்களுக்கான அன்பளிப்பு ஆகியவை வாடகையில் அடங்கியுள்ளனவா என்பது படகுக்குப் படகு வேறுபடும். ஒருவர் விலகினால் அவர் பங்கை யார் ஏற்பது என்பதைக் குழு தனக்குள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். படகு நிறுவனத்துக்கு அது பொருட்டன்று.

பவளத்தின் நிலை

1998ல் கடல்நீர் வெப்பம் உயர்ந்ததால் ஏற்பட்ட வெளிறலில் மாலைத்தீவுகளின் ஆழம் குறைந்த பகுதிப் பவளங்களுள் மிகப் பெரும்பாலானவை இறந்தன. அவை மெல்ல மீண்டுவந்த நிலையில் 2016லும் 2024லும் மீண்டும் வெளிறல் ஏற்பட்டது. ஆகவே பழைய வழிகாட்டி நூல்களும் நிழற்படங்களும் காட்டும் பவளத் தோட்டங்களை எல்லா இடங்களிலும் எதிர்பார்க்க முடியாது. ஆழமான திலாக்களின் மென்பவளங்களும், கால்வாய்களில் திரளும் பெருமீன்களுமே இன்று பலரும் மாலைத்தீவுகளைத் தேடி வருவதற்குக் காரணம். நங்கூரத்தைப் பவளத்தின் மீது போடாமல் மணற்பரப்பில் மட்டுமே போட வேண்டும் என்பதையும், நீரோட்டத்தில் நிற்கப் பயன்படும் கொக்கியை இறந்த பாறையில் மட்டுமே மாட்ட வேண்டும் என்பதையும் குழு படகுத் தலைவருடனும் வழிகாட்டிகளுடனும் முதல் நாளே பேசிக்கொள்ளலாம்.